அதிகம் ஓடிய ஹைபிரிட் காரைத் தேர்ந்து வாங்குவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து தினமும் வேலைக்குச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும், ஓசூரைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கும், தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் தினமும் சொந்தக் காரில் போய்வருகிற பலருக்கு, பெட்ரோலுக்காக மாதந்தோறும் போகும் தொகை ஒரு வீட்டு வாடகை அளவுக்கு வந்து நிற்கிறது. அவர்களில் சிலர் இப்போது பெங்களூரில் விற்பனைக்கு வரும் பழைய ஹைபிரிட் கார்களை, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் கார்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். 2022-இல் வெளிவந்த ஹைபிரிட் கார்கள் 80,000, 1,00,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், புதிய வண்டியைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இது நல்ல வாய்ப்புதான். ஆனால் சாதாரண பெட்ரோல் காரைப் பார்க்கிற கண்ணோடு இவற்றைப் பார்த்து வாங்கினால், மிச்சம் பிடிக்கப் போன பணம் ஒரே பழுதில் கரைந்துபோகும். ஹைபிரிட் காரின் மதிப்பு அதன் உயர்மின்னழுத்த பேட்டரியில் இருக்கிறது. அந்தப் பேட்டரிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் மிச்சமிருக்கிறது என்பதைக் கொண்டுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: நீங்கள் போகும் சாலை ஹைபிரிட்டுக்கு ஏற்றதா?

ஹைபிரிட் கார் பெட்ரோலை மிச்சப்படுத்துவது முக்கியமாக மூன்று வழிகளில். நின்று நின்று நகரும் நெரிசலில் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வீணாகப் போக வேண்டிய ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. இன்ஜினையும் அட்கின்சன் சுழற்சி என்ற சிக்கனமான முறையில் இயக்குகிறது. முதல் இரண்டு வழிகளுக்கும் நிற்பதும் நகர்வதும், ஏற்றமும் இறக்கமும் தேவை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போகும்போது இன்ஜின் ஏறக்குறைய முழு நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்த நிலையில் ஹைபிரிட்டின் ஆதாயம் பாதியாகச் சுருங்கினால்கூட வியப்படையத் தேவையில்லை.

ஆகவே காலையில் சூளகிரியைத் தாண்டியதும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஓசூர் நகருக்குள்ளும் அத்திப்பள்ளியிலும் நெரிசலில் நின்று, எலக்ட்ரானிக் சிட்டி வரை போகிறவருக்கு ஹைபிரிட் முழுப் பயன் தரும். தருமபுரி புறநகரிலிருந்து கிளம்பி, தொப்பூர், ஓமலூர் வழியாகச் சேலத்தின் எல்லையிலேயே உள்ள அலுவலகத்தோடு பயணம் முடிந்துவிடுகிறவருக்குப் பயன் குறைவு. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். உங்கள் பயணத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே கழியும் நேரம் எவ்வளவு என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அப்படிக் கழிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். உங்கள் நிறுவனம் பேருந்து விடுகிறது, அது உங்கள் ஷிப்டுக்கும் ஒத்துவருகிறது என்றால், எந்தக் காரும் அதைவிடச் சிக்கனமாக இருக்க முடியாது என்பதையும் இந்த இடத்திலேயே நினைவில் வைப்பது நல்லது.

இரண்டாம் படி: மிச்சம் எவ்வளவு, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய்வர 100, மாதத்துக்கு 25 வேலை நாட்கள் என்றால் மாதம் 2,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் சாதாரண பெட்ரோல் கார் ஆண்டுக்கு 2,000 லிட்டர் குடிக்கும். செலவு 2,00,000 ரூபாய். அதே சாலையில் ஹைபிரிட் 20 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால் 1,500 லிட்டர்; செலவு 1,50,000 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 50,000 ரூபாய், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு.

விளம்பரங்களில் 27, 28 என்று இருக்கும்போது நான் ஏன் 20 என்று எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். அந்த எண்கள் ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் கூடத்தில், வரையறுத்த வேகங்களில் அளந்தவை. ஏசி, ஏற்றம், நான்கு பேர், நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்ந்தால் எந்த வண்டியும் அந்த எண்ணைத் தொடுவதில்லை. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு காரணம். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு; ஆகவே கலவையிலும் சில விழுக்காடு குறையத்தான் செய்யும். கணக்கைக் கொஞ்சம் கடுமையாகப் போட்டு, நடைமுறையில் கூடுதலாகக் கிடைத்தால் மகிழ்வதே பாதுகாப்பான வழி.

இப்போது பேட்டரிக்கு வருவோம். மாருதி, டொயோட்டா, ஹோண்டா மூன்று நிறுவனங்களும் 2022-க்குப் பிறகு இங்கே விற்ற முழு ஹைபிரிட் கார்களின் (மோட்டாரில் மட்டுமேகூட நகரக்கூடியவை) பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கணக்கு பெரும்பாலும் பொருட்டல்ல. கிலோமீட்டர்தான் முதலில் தீரும். 90,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் மிச்சமிருப்பது 70,000. அதை 1 ரூபாய் 67 காசால் பெருக்கினால் சுமார் 1,17,000 ரூபாய் வருகிறது. அதே வயதும் அதே ஓட்டமும் கொண்ட சாதாரண பெட்ரோல் காரைவிட இந்த ஹைபிரிட்டுக்கு நீங்கள் கூடுதலாகத் தரத்தக்க உச்ச வரம்பு அதுதான். 60,000 ஓடிய வண்டியானால் வரம்பு சுமார் 1,67,000. 1,30,000 ஓடியதானால் வெறும் 50,000. விற்பவர் இதற்குமேல் கேட்டால், உத்தரவாதம் முடிந்த பிறகும் பேட்டரி ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். பேட்டரி பெரும்பாலும் அதற்குமேலும் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெரும்பாலுக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

உங்களிடம் ஏற்கெனவே நன்றாக ஓடும் டீசல் கார் இருக்கிறதா? லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது, டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுச் செலவு சுமார் 1,53,000. ஹைபிரிட்டின் 1,50,000-க்கும் அதற்கும் இடையே மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. எரிபொருள் செலவுக்காக மட்டும் டீசலை விற்றுவிட்டு ஹைபிரிட் வாங்காதீர்கள்.

சுங்கக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு 3,000 ரூபாய்க்கு 200 கடப்புகள் என்ற ஆண்டு பாஸ் வந்தது. தினமும் ஒரு சுங்கச்சாவடியை இரு முறை கடக்கிறவருக்கு மாதம் 50 கடப்புகள் ஆகின்றன; 200 கடப்புகள் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த பாஸ் வண்டியின் பதிவெண்ணோடு பிணைந்தது என்பதால், உங்கள் பழைய காரில் எடுத்ததைப் புதிதாக வாங்கும் வண்டிக்கு மாற்ற முடியாது.

மூன்றாம் படி: முழு ஹைபிரிட்டை அடையாளம் காண்பது

விற்பனைக்கு வரும் வண்டிகளில் ஹைபிரிட் என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. 2015-இல் மாருதி சியாஸ் டீசலில் வந்த எஸ்எச்விஎஸ் என்ற அமைப்பு, அதைத் தொடர்ந்து எர்டிகாவில் வந்தது, இன்றைய ஸ்மார்ட் ஹைபிரிட், டொயோட்டாவின் நியோடிரைவ் இவையெல்லாம் மைல்டு ஹைபிரிட் வகை. இவற்றில் உள்ள சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. மேலே போட்ட கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

முழு ஹைபிரிட்டைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கே பேசும் மாடல்களில் கிளட்ச் மிதியும் கியர் ராடும் இருந்தால் அது முழு ஹைபிரிட் அல்ல. முழு ஹைபிரிட்டில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் சத்தம் வராமல் மீட்டரில் ரெடி என்ற விளக்கு எரியும். ஆற்றல் ஓட்டத்தைப் படமாகக் காட்டும் திரை இருக்கும். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் மைல்டு, முழு ஹைபிரிட் என இரு வகையிலும் விற்கப்பட்டவை என்பதால், அவற்றில் ஆர்சியில் உள்ள மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

நம் பகுதிக்கு ஏற்ற தேர்வு என்று பார்த்தால், 2022 செப்டம்பரில் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, அதே ஆண்டு வந்த டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர் இரண்டையும் முதலில் சொல்வேன். இரண்டும் பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் உருவானவை, 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், 0.76 கிலோவாட் மணி லித்தியம் அயன் பேட்டரி என்று உள்ளமைப்பும் ஒன்றே. உதிரிபாகம் இரு நிறுவனங்கள் வழியாகவும் கிடைக்கும். 2022 மே மாதம் வந்த ஹோண்டா சிட்டி இஎச்இவி நெடுஞ்சாலை அதிகம் உள்ளவர்களுக்கு நல்லது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் மூலம் இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைத்துவிடுவதால் அங்கேயும் அது சிக்கனமாக ஓடும். டிக்கியின் ஒரு பகுதியை பேட்டரி எடுத்துக்கொள்வதால் 306 லிட்டர் இடம்தான் மிஞ்சும் என்பதைக் குடும்பத்தோடு பயணிப்போர் யோசிக்க வேண்டும். இன்னோவா ஹைகிராஸ் விலை கூடிய வண்டி. ஆறு பேர் சேர்ந்து பெட்ரோலைப் பங்கிட்டு வேலைக்குப் போகும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே கணக்கு ஒத்துவரும். 2010-இல் முழுமையாக இறக்குமதியாகி வந்த பிரியஸ், 2013-இல் வந்த கேம்ரி ஹைபிரிட் ஆகியவை மலிவாகக் கிடைத்தாலும், பேட்டரி உத்தரவாதம் முடிந்தவை என்பதால் தினசரி வேலைப் பயணத்துக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வண்டியானாலும், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களில் உங்களுக்கு அருகில் உள்ளது ஹைபிரிட் பேட்டரியைத் திறந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

நான்காம் படி: ஓடிய தூரம் உண்மைதானா?

கணக்கு முழுவதும் ஓடோமீட்டரை நம்பியே நிற்பதால், அதைச் சரிபார்க்காமல் மேலே போகக் கூடாது. "சார், ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ்தான் போயிருக்கு" என்று விற்பவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு, அந்தக் கம்பெனி சர்வீஸ் பதிவேட்டின் அச்சுப்படியைக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் வரும். ஆண்டுக்கு 35,000 என்று ஓடிவந்த வண்டி கடைசி ஓராண்டில் 4,000 மட்டுமே ஓடியதாகக் காட்டினால் அங்கே நின்று விசாரியுங்கள். பதிவேட்டில் இடைவெளி இருப்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. நிறுவனம் விதித்த பராமரிப்பைச் செய்யாத வண்டிக்கு உத்தரவாதத்தை மறுக்க வாய்ப்பு உண்டு. ஆகையால், இந்தச் சேசிஸ் எண்ணுக்கு பேட்டரி உத்தரவாதம் இன்று நடப்பில் இருக்கிறது, உரிமை மாறினாலும் தொடரும் என்பதை மையத்திடமிருந்து எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி போதாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணும் உண்மை பேசும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் 2022 வண்டியில் நான்கு டயரும் 2025-இல் தயாரானவை என்றால், பழைய டயர்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். ஸ்டீயரிங் தோல், பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தையும் பாருங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைக் கொடுத்தால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, காப்பீடு எப்போது முடிகிறது என்பவை தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின், ஒரு 1,00,000 கிலோமீட்டர் வண்டி நெடுஞ்சாலையில் ஓடியதாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். டொயோட்டா அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொடுப்பதால் பிரேக் பேடுகளும் நீண்ட நாள் உழைக்கும். மூன்று ஆண்டுகள் ஷெட்டில் நின்றே கிடந்த 25,000 கிலோமீட்டர் ஹைபிரிட்டைவிட, ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்துத் தினமும் ஓடிய வண்டியே நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: பேட்டரியை நெருங்கிப் பார்ப்பது

பேட்டரியைக் கெடுப்பவை வெப்பமும் புழுதியும். இவ்வகைக் கார்களில் பல, பயணிகள் அமரும் பகுதியிலிருந்து ஏசிக் காற்றை ஒரு சிறு மின்விசிறியால் இழுத்து பேட்டரியைக் குளிர்விக்கின்றன. அந்தக் காற்று நுழையும் சல்லடை, மாடலைப் பொறுத்துப் பின்னிருக்கையின் ஓரத்திலோ, இருக்கைக்கு அடியிலோ, டிக்கியிலோ இருக்கும். கையேட்டில் இடத்தைத் தெரிந்துகொண்டு, கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். சல்லடையின் கட்டங்கள் கட்டங்களாகத் தெரிய வேண்டும். அவற்றின் மேல் சாம்பல் நிறப் பஞ்சுபோல் தூசு படிந்து, விரலால் தொட்டால் தோலாக உரிந்து வந்தால், அந்த பேட்டரி பல கோடைகளை மூச்சுத் திணறலோடு கழித்திருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் பழகிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சல்லடையை மறைத்துப் பை, மூட்டை, கூடுதல் சீட் கவர் போட்டிருந்தாலும் அதே பாதிப்புதான்.

அடுத்தது சர்வீஸ் மையத்தின் ஹைபிரிட் பரிசோதனை. அதற்கு ஆகும் கட்டணத்தை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்று விற்பவர் தட்டிக்கழித்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். அறிக்கையில் பழுதுக்குறிகள் மட்டும் இல்லாமல், பேட்டரியின் ஒவ்வொரு பிரிவின் மின்னழுத்தமும் தனித்தனியே வரவேண்டும் என்று கேளுங்கள். ஒரு பேட்டரி என்பது பல செல்கள் வரிசையாகக் கோத்த தொடர். எடுத்துக்காட்டாக, ஹைகிராஸின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 168 செல்கள் உள்ளன. எல்லாப் பிரிவுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நலம். சுமை ஏறும்போது ஒரு பிரிவு மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்து, சார்ஜ் ஆகும்போது முந்திக்கொண்டு ஏறினால், பழுது அந்த இடத்தில் தொடங்கிவிட்டது. காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஓபிடி கருவியில் பழுதுக்குறிகள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்தாற்போல் இருப்பதும், சில சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டுவதும் சேர்ந்து வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆரஞ்சு நிறக் குழாய்களில் போகும் கம்பிகள் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் உள்ளவை. நீங்களோ, உடன் வரும் உள்ளூர் மெக்கானிக்கோ அவற்றைத் தொடவோ பேட்டரி மூடியைத் திறக்கவோ கூடாது. பானெட்டின் கீழே பார்க்க வேண்டியது, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்கான தனிக் கூலண்ட் தொட்டியை மட்டும். அளவு இரு கோடுகளுக்கு இடையில், நிறம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்ப்பது

வண்டியை இரவு முழுக்க நின்ற நிலையில், காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க நேரம் கேளுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். ரெடி விளக்கு எரிந்ததும் ஏசியை முழுமையாக வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் உட்காருங்கள். இன்ஜின் சிறிது நேரம் ஓடிச் சூடேறி அணையும். பிறகு திரையில் பேட்டரியின் அளவைக் காட்டும் பட்டைகள் மெல்ல மெல்ல இறங்க, ஏசி மின்சாரத்தில் ஓடும். ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பி நிரப்பும். இந்தச் சுற்று நிதானமாக, பல நிமிடங்களுக்கு ஒருமுறை நடந்தால் நலம். பட்டைகள் கண்ணெதிரே மளமளவென்று சரிவதும், ஒரு நிமிடத்துக்குள் இன்ஜின் கிளம்புவதும், உடனே நிரம்பியதாகக் காட்டி மறுபடி சரிவதும் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கியதன் அறிகுறி. அந்த நேரத்தில் பேட்டரி விசிறி பெருஞ்சத்தத்தோடு ஓடினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏற்றம் இறக்கம் உள்ள சாலை. ஓசூர் பக்கம் பார்க்கும் வண்டியானால் சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உள்ள மேலுமலைக் கணவாய் இதற்கென்றே அமைந்த சோதனைச்சாலை. சுமார் 1,300 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 0.35 கிலோவாட் மணி. 0.76 கிலோவாட் மணி பேட்டரிக்கு அது பெரிய அளவு. இழப்புகள் போக மீதி வந்து சேர்ந்தாலே பட்டைகள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இறக்கத்தில் பட்டைகள் சீராக ஏற வேண்டும். சமதளத்துக்கு வந்ததும் சேர்த்ததைக் கொண்டு வண்டி மோட்டாரில் சற்றுத் தூரம் ஓட வேண்டும். ஏறிய வேகத்திலேயே மறைந்துபோனால் பேட்டரி சேமிக்கவில்லை. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் கூடுவது இவ்வகைக் கியர் அமைப்பின் இயல்பு. அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். ஆனால் மோட்டாரிலிருந்து இன்ஜினுக்கு மாறும்போது வண்டி குலுங்கினாலோ, பிரேக் மிதி ஒரு கணம் உள்வாங்கினாலோ காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது.

தொப்பூர் கணவாய் வழியாகத் தினமும் இறங்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் அதற்குமேல் மின்சாரம் சேர்க்க இடமில்லை. அப்போது முழுச் சுமையும் பிரேக் பேடுகளின் மேல் விழும். டொயோட்டா, மாருதி ஹைபிரிட்டுகளில் உள்ள பி நிலைக்கு மாற்றினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அந்த நிலை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதனை ஓட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: தண்ணீர் ஏறிய வண்டியா?

ஹைபிரிட் காரில் வெள்ளநீர் புகுவது சாதாரணக் காரில் புகுவதைவிடப் பலமடங்கு கேடு. 2022 செப்டம்பரில் பெங்களூரின் தொழில்நுட்ப நிறுவனப் பகுதிகளிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வாகனங்களே அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். அவற்றில் பழுதுபார்க்கப்பட்டவை எங்கோ விற்பனைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு உண்டா என்று பாருங்கள். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியின் மூலைகளையும், இருக்கைகளை இணைக்கும் போல்ட்டுகளின் துருவையும் கவனியுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் முந்தைய இழப்பீட்டு விவரத்தை விற்பவர் மூலமாகக் கேட்டு வாங்கலாம். சந்தேகம் வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

எட்டாம் படி: கர்நாடகப் பதிவு வண்டிக்கான ஆவணங்கள்

நம் பகுதியில் கைக்கு வரும் ஹைபிரிட்டுகளில் பெரும்பாலானவை பெங்களூர் வண்டிகள். கேஏ பதிவு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அப்படியே தினமும் ஓசூருக்குப் போய்வருவது தீர்வல்ல. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். உரிமை மாற்றத்துக்கும் வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விற்பவர், வண்டி பதிவான கர்நாடக ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி வாங்கித்தர வேண்டும். அந்தப் படிவத்தில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு ஒட்டப்படும். அதை நீங்கள் உடனிருந்து எடுத்தால், ஆர்சியில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றே என்பதை அப்போதே உறுதிசெய்துவிடலாம். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. கடன் முடிந்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27. கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, தருமபுரிக்கு டிஎன் 29, ஓசூருக்கு டிஎன் 70 என உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய சாலை வரி சிறிய தொகை அல்ல. வண்டியின் வயதையும் மாடலையும் சொல்லி, எவ்வளவு வரும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு, அதை இரண்டாம் படியில் சொன்ன வரம்பிலிருந்து கழித்துவிடுங்கள். கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்கானதைத் திரும்பக் கோரலாம். அந்தத் தொகை யாருக்கு என்பதையும், அதற்கு விற்பவர் எந்தெந்தக் கையெழுத்து இட வேண்டும் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். என்ஓசி கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது வழக்கம். நியாயமான விற்பவர் அதை மறுக்க மாட்டார்.

காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கூடும். ஹைபிரிட் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் உண்டா என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: விலை பேசுவது

பேசப் போகும்போது மூன்று காகிதங்கள் கையில் இருக்கட்டும்: சர்வீஸ் பதிவேடு, பரிசோதனை அறிக்கை, இந்தச் சேசிஸ் எண்ணுக்கு முழு பேட்டரியை மாற்ற ஆகும் செலவுக்குச் சர்வீஸ் மையம் தந்த மதிப்பீடு. மூன்றாவது காகிதத்தை விற்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. 1,40,000 கிலோமீட்டர் கடந்த வண்டிக்கு, அந்த மதிப்பீட்டை மேசையில் வைத்துப் பேசினால், ஏசி நன்றாக இருக்கிறது, டயர் புதியது என்ற பேச்சுகள் தாமாகவே அடங்கும்.

பத்தாம் படி: வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், இன்வெர்ட்டர் கூலண்ட், பேட்டரிச் சல்லடை ஆகியவற்றைப் பார்த்து, தேவையானதை மாற்றிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். 12 வோல்ட் சிறிய பேட்டரி மூன்று ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் ரெடி விளக்கு எரியாது. வேலை செய்யும் இடத்தில் நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் கண்ணாடிகளை இறக்கி வெப்பக்காற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள், ஏனெனில் பேட்டரியும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. மைலேஜை மீட்டர் காட்டும் எண்ணைக் கொண்டு மதிப்பிடாமல், டாங்கை நிரப்பி அடுத்த நிரப்பு வரை ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து மாதந்தோறும் எழுதிவையுங்கள். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், மிச்சமாகும் சுமார் 4,000 ரூபாயில் பாதியையாவது பேட்டரிக்கென்று தனிக்கணக்கில் போட்டுவைப்பது நல்லது.

ஓடோமீட்டர் 1,50,000-ஐத் தொட்டதும், உத்தரவாதம் முடிய இன்னும் 10,000 கிலோமீட்டர் இருக்கும்போதே, பேட்டரியின் பிரிவுவாரியான பரிசோதனையை மறுபடியும் செய்யுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது நான்கு மாத அவகாசம். ஏதேனும் ஒரு பிரிவு விலகத் தொடங்கியிருந்தால், குறையை எழுத்தில் பதிவுசெய்து, பதிவு எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொண்டு, உத்தரவாதத்திலேயே சரிசெய்து தரும்படி கேளுங்கள்.